சாண்டா கிளாரா ஈயப் பெயின்ட் வழக்கு: கவுண்டி வக்கீல்களின் பத்தொன்பது வருஷம்

2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டி, ஈயம் கலந்த பெயின்ட்டை ஒரு காலத்தில் தயாரித்து விற்ற கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டது. அது முடிந்தது 2019 ஜூலையில். இடையில் ஒரு முறை மொத்தமாகத் தள்ளுபடியாகி மறுபடி உயிர் பெற்றது. வக்கீல்களுக்கு யார் எப்படிச் சம்பளம் தருவது என்ற ஒரே கேள்விக்காக மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது. 115 கோடி டாலருக்குத் தீர்ப்பு வந்தது, அது 40.9 கோடியாகச் சுருங்கியது, கடைசியில் 30.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

நச்சுப் பொருள் சட்டங்களை அமல்படுத்துவது என்றாலே மத்திய அரசின் பெரிய அமைப்புகள்தான் நம் நினைவுக்கு வரும். இந்த வழக்கில் அவர்கள் யாரும் முன்னால் நிற்கவில்லை. நின்றவர்கள் கவுண்டி வக்கீல்களும் நகர வக்கீல்களும், அதாவது மற்ற நாட்களில் டெண்டர் ஒப்பந்தம், நிலத் தகராறு, ஊழியர் வழக்கு என்று பார்த்துக்கொண்டிருக்கிற அரசு வக்கீல்கள். அவர்கள் கையில் எடுத்ததும் புதுச் சட்டம் எதுவும் இல்லை, 1872-ல் எழுதிய கலிஃபோர்னியா சிவில் சட்டத்தில் இருக்கிற பொதுத் தொல்லைப் பிரிவுகள், அதாவது ஊர் மக்கள் பலரை ஒரே நேரத்தில் பாதிக்கிற தீங்கைப் பற்றிய பிரிவுகள். நச்சுப் பொருள் வழக்குகளில் உள்ளூர் வக்கீலுக்கு எவ்வளவு தூரம் போக முடியும், எந்த இடத்தில் அவர் தடுக்கப்படுவார், எதைக் கைவிட்டால்தான் எதைக் காப்பாற்ற முடியும் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் இந்த வக்கீல்கள் யார் என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி, ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும் சொந்த பட்ஜெட்டும் உள்ள அரசு. பொது மருத்துவமனை, சிறுவர் சுகாதாரம், சுற்றுச்சூழல் சுகாதாரத் துறை எல்லாம் பெரும்பாலும் அதன் கையில். குற்ற வழக்குகளை நடத்துவது டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. கவுண்டியின் சிவில் வழக்குகளைப் பார்ப்பது கவுண்டி வக்கீல். நகரங்களுக்குத் தனியாக நகர வக்கீல் உண்டு.

கலிஃபோர்னியாவின் அபாயகரக் கழிவுச் சட்டத்தின் கீழ் அன்றாட அமலாக்கத்தில் பெரும்பங்கு இவர்களுடையதுதான். கவுண்டி ஆய்வாளர்கள் கடை கடையாக, தொழிற்கூடம் தொழிற்கூடமாகப் போய்ப் பார்ப்பார்கள், மீறல் பெரிதாக இருந்தால் கோப்பு டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியிடமோ நகர வக்கீலிடமோ போகும். விதிக்கிற அபராதத்தில் ஒரு பங்கு வழக்கு நடத்திய அலுவலகத்துக்கே வரும்படி சட்டம் எழுதியிருக்கிறார்கள், அதனால் அடுத்த வழக்குக்கு ஆளும் பணமும் கிடைக்கிறது. 2010-ல் வால்மார்ட் 2.76 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்ட வழக்கு, சான் டியேகோவில் ஒரு கடை ஊழியர் பிளீச்சை வடிகாலில் ஊற்றுவதைக் கவுண்டி சுற்றுச்சூழல் சுகாதாரத் துறைக்காரர் ஒருவர் பார்த்ததில் ஆரம்பித்தது. 2024-ல் டெஸ்லாவிடம் 25 கவுண்டிகள் சேர்ந்து 15 லட்சம் டாலர் வாங்கிய வழக்குக்கு விதை, சான் ஃபிரான்சிஸ்கோ டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகத்தின் புலனாய்வாளர்கள் 2018-ல் சர்வீஸ் சென்டர்களின் குப்பைத் தொட்டிகளை ரகசியமாகக் கிளறிப் பார்த்தது. எண்ணெய், பிரேக் கிளீனர், பழைய பேட்டரி, பெயின்ட் எல்லாம் சாதாரணக் குப்பையோடு கிடந்தன.

இந்த மாதிரி வழக்குகளில் விதி ஒன்று இருக்கிறது, அதை யாரோ மீறுகிறார்கள், ஆதாரம் தொட்டியிலேயே கிடக்கிறது. ஈயப் பெயின்ட்டில் அப்படி எதுவும் இல்லை. விற்ற காலத்தில் அது சட்டப்படியான சரக்கு. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதைத் தடை செய்ததே 1978-ல்தான். விற்றவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் விற்று லாபம் பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது, விஷம் மட்டும் சுவரில் நிற்கிறது.

வெள்ளை ஈயம் என்கிற நிறமி எண்ணெயோடு நன்றாகக் கலக்கும், சுவரை நன்றாக மூடும், மழைக்கும் ஈரத்துக்கும் தாங்கும். அதனால்தான் அவ்வளவு பேர் வாங்கினார்கள். பழைய வீட்டில் மேலே எத்தனை தடவை புதுப் பெயின்ட் அடித்தாலும் கீழ்ப்படலத்தில் ஈயம் அப்படியே இருக்கும். ஜன்னலை ஏற்றி இறக்கும்போது, கதவு நிலையில் உரசும்போது அது பொடியாக உதிரும். அந்தத் தூசு தரையில் படியும், தவழுகிற குழந்தையின் கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். உரிந்த சில்லைக் குழந்தை எடுத்துத் தின்றால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான பாதிப்பு கண்ணுக்கே தெரியாத இந்தத் தூசால் வருகிறது. உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து ஏற்றுக்கொள்கிறது, வளரும் மூளையில் அது செய்கிற சேதம் திரும்பச் சரியாவதில்லை. குழந்தையின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருந்தால் கவலைப்பட வேண்டும் என்ற அளவை அமெரிக்க அரசு குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. 1960-களில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம். 1991-ல் 10. 2012-ல் 5. 2021-ல் 3.5. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதுதான் இன்றைய மருத்துவ முடிவு.

நோய் வந்த குழந்தை எங்கே வருகிறது? கவுண்டி கிளினிக்குக்கு. ரத்தப் பரிசோதனை செய்வது கவுண்டி, செவிலியரை வீட்டுக்கு அனுப்பி எந்த ஜன்னல், எந்தக் கதவு என்று பார்ப்பதும் கவுண்டி. ஒரு குழந்தைக்கு விஷம் ஏறிய பிறகுதான் அந்த வீடு கணக்கில் வரும். சொல்லப்போனால் குழந்தையே ஈயத்தைக் கண்டுபிடிக்கும் கருவியாக இருந்தது. சாண்டா கிளாரா கவுண்டி வக்கீலாக அப்போது இருந்த ஆன் ராவெலின் அலுவலகம் வழக்கு போட்டபோது பின்னால் இருந்த நிலைமை இதுதான்.

கம்பெனிகளுக்கு எப்போது தெரியும் என்பதுதான் வழக்கின் உண்மை சார்ந்த மையம். ஷெர்வின் வில்லியம்ஸ் கம்பெனியின் உள் சுற்றுக்கான பத்திரிகை ஒன்று 1900-லேயே வெள்ளை ஈயத்தை உடம்பில் சேர்ந்து கொல்லும் விஷம் என்று எழுதியிருந்தது. பிரான்ஸ் 1909-ல் கட்டடப் பெயின்ட்டில் அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-ல் வீட்டு உட்புறப் பெயின்ட்டில் வெள்ளை ஈயத்தைத் தடுக்க ஓர் உடன்படிக்கையே போட்டது. இவ்வளவுக்கும் பிறகு அமெரிக்காவில் நேஷனல் லெட் கம்பெனி தன் டச்சு பாய் பெயின்ட்டுக்குக் குழந்தைகளுக்கென்றே வண்ணம் தீட்டும் புத்தகங்கள் அச்சடித்துக் கொடுத்தது, அதில் ஒன்று ஈயத்தின் விருந்து என்ற பெயரில் 1923-ல் வந்தது. குழந்தைகள் அறைக்கு இந்தப் பெயின்ட் அடியுங்கள் என்ற தொனியில் விளம்பரங்கள் வந்தன. 1928-ல் கம்பெனிகள் சேர்ந்து ஈயத் தொழில் சங்கம் ஒன்றை ஆரம்பித்து, கூட்டாகப் பணம் போட்டு விளம்பர இயக்கங்களும் நடத்தின. இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. தெரியாமல் விற்றிருந்தால் அது வேறு கதை.

சரி, தெரிந்தே விற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தில் எதைப் பிடித்து இழுப்பது?

தனிப்பட்ட குடும்பங்கள் போட்ட வழக்குகள் பல மாநிலங்களில் ஒரே சுவரில் மோதி நின்றன. உன் வீட்டு ஜன்னலில் இருக்கிற ஈயம் எந்தக் கம்பெனியுடையது என்று காட்டு என்பார்கள். 1930-ல் அடித்து, அதன் மேல் 1940-ல் அடித்து, அதன் மேலும் அடித்த பெயின்ட்டில் எந்தப் படலம் யாருடையது என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்த சுவர் காலவரம்பு. சாண்டா கிளாராவும் ஆரம்பத்தில் மோசடி, கவனக்குறைவு, குறையுள்ள சரக்கு என்று எல்லா வழியிலும் செலவைத் திருப்பிக் கேட்டது, கூடவே பொதுத் தொல்லை என்றும் சேர்த்திருந்தது. 2003-க்குள் விசாரணை நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

2006-ல் ஆறாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திரும்ப எழுப்பியது. அந்தத் தீர்ப்பில்தான் வழக்கின் உண்மையான திருப்பம் இருக்கிறது. கலிஃபோர்னியா சிவில் நடைமுறைச் சட்டத்தின் 731-ஆவது பிரிவு, பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி மாநில மக்களின் பெயரில் வழக்குப் போடும் அதிகாரத்தை டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, கவுண்டி வக்கீல், நகர வக்கீல் ஆகியோருக்குத் தருகிறது. இது ஒரு குடும்பத்துக்கோ கவுண்டி கஜானாவுக்கோ நஷ்ட ஈடு கேட்கும் வழக்கு இல்லை. இங்கே ஓர் அபாயம் இருக்கிறது, அதை உருவாக்கியவர் அல்லது உருவாகத் துணை நின்றவர் அகற்ற வேண்டும் என்று கேட்கும் வழக்கு. அப்படிக் கேட்டால் எந்த வீட்டில் யாருடைய பெயின்ட் என்ற கேள்வியே பின்னால் போய்விடுகிறது. காலவரம்பும் போய்விடுகிறது, ஏனென்றால் சிவில் சட்டத்தின் 3490-ஆவது பிரிவு, எவ்வளவு காலம் கடந்தாலும் பொதுத் தொல்லை சட்டப்படியானதாக மாறிவிடாது என்று ஒரே வரியில் சொல்கிறது. பொதுத் தொல்லை நமக்கும் புதிதல்ல. ஆங்கிலேயச் சட்ட மரபிலிருந்து வந்த அதே கருத்துத்தான் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 268-ஆவது பிரிவிலும் இருந்தது.

ஆனால் நீதிமன்றம் ஒரு நிபந்தனை வைத்தது. வெறுமனே தயாரித்து விற்றது போதாது, எச்சரிக்காமல் விட்டதும் போதாது. அபாயம் தெரிந்தும் வீட்டின் உட்புறத்துக்கு அதை விளம்பரப்படுத்திப் பரப்பினார்கள் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க வேண்டியது அதிகம், ஆனால் வழி திறந்திருந்தது. கவுண்டி வக்கீல்கள் பிறகு மற்ற எல்லாக் கோரிக்கைகளையும் கைவிட்டு இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நஷ்ட ஈட்டை விட்டுக்கொடுப்பது எந்த வக்கீலுக்கும் சுலபமில்லை, ஏற்கெனவே கவுண்டி செலவழித்த பணம் எல்லாம் போனது போனதுதான் என்று ஒப்புக்கொள்கிற முடிவு அது. வழக்கு பிழைத்ததற்கு இந்த முடிவுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அதே காலத்தில் மற்ற மாநிலங்களில் இதே வழி மூடிக்கொண்டிருந்தது. ரோட் ஐலண்டில் மாநில அட்டர்னி ஜெனரலே 1999-ல் வழக்குப் போட்டு, 2006-ல் ஜூரி தீர்ப்பையும் ஜெயித்தார். 2008-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தொல்லை நடக்கிற நேரத்தில் அந்தப் பெயின்ட் கம்பெனியின் கட்டுப்பாட்டில் இல்லையே, வீட்டுக்காரர் கையில்தானே இருக்கிறது என்பது காரணம். நியூ ஜெர்சியும் மிசோரியும் 2007-லேயே கதவைச் சாத்திவிட்டன. கலிஃபோர்னியா சட்டத்தில் கட்டுப்பாடு யார் கையில் என்பது கேள்வியே இல்லை, உருவாக்கியது யார் என்பதுதான் கேள்வி.

யார் ஓட்டுவது வண்டியை

அடுத்த சண்டை கம்பெனிகளின் குற்றத்தைப் பற்றியே இல்லை. கவுண்டிகளும் நகரங்களும் தங்கள் சொந்த வக்கீல்களை மட்டும் வைத்து இந்த வழக்கை நடத்த முடியாத நிலை. எதிரே நிற்பவை நாட்டின் மிகப் பெரிய சட்ட நிறுவனங்கள், தோண்ட வேண்டியவை நூறு வருஷ ஆவணங்கள். அதனால் வெளி நிறுவனங்களைச் சேர்த்தார்கள். ஜெயித்தால் பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்ற ஒப்பந்தம். கம்பெனிகள் உடனே எதிர்த்தன. மக்களின் பெயரில் வழக்கு நடத்துகிறவர் நடுநிலையாக இருக்க வேண்டும், ஜெயித்தால் பணம் என்று இருப்பவர் எப்படி நடுநிலையாக இருப்பார் என்று கேட்டன.

கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை நான் ஒதுக்க மாட்டேன். அதற்கு முன்னுதாரணமும் இருந்தது. கொரோனா என்ற கலிஃபோர்னிய நகரம் ஒரு வயது வந்தோர் புத்தகக் கடையை மூட வைக்க ஒரு தனியார் வக்கீலை அமர்த்தி, மணிக்கு 60 டாலர், வழக்கு தோற்றால் 30 டாலர் மட்டும் என்று பேசியிருந்தது. 1985-ல் மாநில உச்ச நீதிமன்றம் அது கூடாது என்று சொல்லிவிட்டது. அதைக் காட்டித்தான் 2007-ல் ஈயப் பெயின்ட் வழக்கின் விசாரணை நீதிபதி வெளி வக்கீல்களை ஜெயித்தால் பங்கு முறையில் வைக்கக் கூடாது என்று தடுத்தார். கவுண்டிகள் மேல்முறையீடு போயின.

2010 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றத்தின் முடிவு வந்தது, எழுதியவர் தலைமை நீதிபதி ரொனால்ட் ஜார்ஜ். புத்தகக் கடை வழக்கில் நடந்துகொண்டிருக்கிற ஒரு தொழிலை மூடும் ஆபத்தும் பேச்சுரிமையும் சம்பந்தப்பட்டிருந்தன. ஈயப் பெயின்ட் ஏற்கெனவே தடை செய்யப்பட்ட சரக்கு, இந்த வழக்கால் எந்தக் கடையும் மூடப்போவதில்லை. அதனால் வெளி வக்கீல்கள் இருக்கலாம், ஆனால் வழக்கின் முழுக் கட்டுப்பாடும் அரசு வக்கீல் கையில் இருக்க வேண்டும், அது காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. பொறுப்புள்ள அரசு வக்கீல் ஒருவர் நேரடியாக ஈடுபட்டிருக்க வேண்டும். வெளி வக்கீல் எடுக்கும் எந்த முடிவையும் தள்ள அவருக்கு அதிகாரம் வேண்டும். சமரசம் செய்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு மட்டுமே. எதிர்த்தரப்பு விரும்பினால் வெளி வக்கீலைக் கேட்காமலே அரசு வக்கீலோடு நேரடியாகப் பேசலாம். இவை எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பை உள்ளூர் அரசு வக்கீல்கள் அனைவரும் மேசையில் வைத்திருக்க வேண்டும் என்பேன். சிறிய அலுவலகத்தால் பெரிய நச்சு வழக்கை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு அது முடியும் என்று பதில் சொல்லி, எந்த விலையில் என்றும் சொல்கிறது. பணமும் ஆளும் வெளியே இருந்து வரலாம், மனசாட்சி அலுவலகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

2013 ஜூலையில் சான் ஹோசேயில் விசாரணை தொடங்கியது. கேட்பது அகற்றும் உத்தரவு என்பதால் ஜூரி இல்லை, நீதிபதி ஜேம்ஸ் க்ளைன்பெர்க் மட்டும். அப்போது வாதிகள் பத்து. சாண்டா கிளாரா, அலமீடா, லாஸ் ஏஞ்சலஸ், மான்டரே, சான் மாட்டியோ, சோலானோ, வென்சுரா ஆகிய கவுண்டிகள், ஓக்லண்ட், சான் டியேகோ நகரங்கள், நகரமும் கவுண்டியும் ஒன்றாகவே இருக்கிற சான் ஃபிரான்சிஸ்கோ. பிரதிவாதிகள் ஐந்து. ஷெர்வின் வில்லியம்ஸ், நேஷனல் லெட்டின் இன்றைய பெயரான என்எல் இண்டஸ்ட்ரீஸ், கான்ஆக்ரா, ஆர்கோ, டூபாண்ட். கான்ஆக்ரா உணவுப் பொருள் கம்பெனி, அது பெயின்ட் தயாரித்ததே இல்லை. கலிஃபோர்னியாவில் பெயின்ட் விற்ற ஃபுல்லர் என்ற பழைய கம்பெனி கை மாறி கை மாறி பியாட்ரிஸ் நிறுவனத்திடம் போய், அதை 1990-ல் வாங்கியபோது கான்ஆக்ராவுக்குச் சொத்தோடு கடனும் வந்து சேர்ந்தது.

கம்பெனிகளின் வாதங்களை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை அற்பமானவை அல்ல. அந்தக் காலத்தில் அரசே தன் கட்டடங்களுக்கு ஈயப் பெயின்ட்டைக் கேட்டு வாங்கியது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈய அளவு பல பத்தாண்டுகளாக இறங்கிக்கொண்டுதான் வருகிறது. வீட்டைப் பராமரிப்பது வீட்டுக்காரர் கடமை, நன்றாக இருக்கிற பெயின்ட் யாரையும் கொல்லாது. கவுண்டியின் தடுப்புத் திட்டங்கள் ஏற்கெனவே வேலை செய்கின்றன. கவுண்டித் தரப்பின் பதில் மருத்துவர்களிடமிருந்தும் வரலாற்றாசிரியர்களிடமிருந்தும் வந்தது. அளவு இறங்கியதில் பெரும்பங்கு பெட்ரோலில் இருந்து ஈயத்தை எடுத்ததால் வந்தது, பெயின்ட் அங்கேயே இருக்கிறது. நன்றாக இருக்கிற பெயின்ட் எப்போதும் நன்றாகவே இருப்பதில்லை. வாடகை வீட்டில் இருக்கிற ஏழைக் குடும்பத்தால் ஜன்னலை மாற்றவும் முடியாது.

2013 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் இறுதியான தீர்ப்பில் ஆர்கோவும் டூபாண்டும் தப்பின. மற்ற மூன்றும் கூட்டாகவும் தனித்தனியாகவும் 115 கோடி டாலரை ஒரு நிதியில் போட வேண்டும் என்றார் நீதிபதி. அந்தப் பணத்தில் வீடுகளைச் சோதித்து, உரசும் ஜன்னல்களையும் கதவுகளையும் மாற்றி, ஈயத்தை அகற்ற வேண்டும். நான்கு வருஷத்தில் செலவாகாமல் மிஞ்சினால் கம்பெனிகளுக்கே திரும்பும். கவுண்டி கஜானாவுக்கு எதுவும் போகாது. இந்த அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, அபராதம் என்றால் பணம் எங்கோ கரைந்துவிடும், இங்கே பணம் சுவருக்குப் போக வேண்டும் என்று கட்டிவைத்திருந்தார்கள்.

2017 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொறுப்பை உறுதி செய்துவிட்டு, பணத்தில் கை வைத்தது. 1950-க்குப் பிறகு வீட்டு உட்புறத்துக்கு ஈயப் பெயின்ட்டை இந்தக் கம்பெனிகள் விளம்பரப்படுத்தியதற்குப் போதிய சாட்சி இல்லை, ஆகவே 1951-க்கு முன்னால் கட்டிய வீடுகளுக்கு மட்டும் கணக்குப் போடுங்கள் என்றது. 2006-ல் வைத்த அந்த நிபந்தனை இங்கே வந்து கடித்தது. கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே வருஷம் அக்டோபரிலும் வழக்கை எடுக்க மறுத்தன.

நீதிமன்றத்தில் வழி அடைபட்டுக்கொண்டு வந்தபோது கம்பெனிகள் வாக்குச்சீட்டைப் பிடித்தன. ஈயப் பெயின்ட் பொதுத் தொல்லை இல்லை என்று சட்டமாக்கி, வீடுகளைச் சரிசெய்ய 200 கோடி டாலர் அரசுக் கடன்பத்திரம் வெளியிடும் ஒரு மக்கள் முன்மொழிவை 2018 தேர்தலுக்குக் கொண்டுவர முயன்றன. அதாவது செலவு வரி கட்டுகிறவர்கள் தலையில். பெயரைப் பார்த்தால் ஆரோக்கியமான வீடுகள், பள்ளிகள் என்றிருக்கும். சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் கம்பெனிகளுக்கு எதிரான மசோதாக்களைக் கொண்டுவந்து நெருக்கினார்கள், 2018 ஜூனில் முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. உள்ளூர் வக்கீல் நீதிமன்றத்தில் ஜெயித்தால் மட்டும் போதாது, ஜெயித்ததை அரசியலிலும் காக்க ஆள் வேண்டும் என்பதை இது காட்டியது.

மறுகணக்கில் நிதி சுமார் 40.9 கோடி டாலர் ஆனது. 2019 ஜூலை சமரசத்தில் மூன்று கம்பெனிகளும் ஆளுக்கு 10 கோடிக்குச் சற்று மேல் என்று 30.5 கோடி டாலரைப் பல வருஷத் தவணையில் தர ஒப்புக்கொண்டன. இதில் வெளி வக்கீல்களின் கட்டணமும் போகும். பணம் நேரடியாக அந்தப் பத்து ஊர்களுக்கு வந்து, எப்படிச் செலவிடுவது என்பது அவர்கள் பொறுப்பானது. 115 கோடியைப் பார்த்த கண்ணுக்கு இது ஏமாற்றம்தான். தொடர்ந்து மோதியிருந்தால் இன்னும் எத்தனை வருஷம் ஓடியிருக்கும் என்று நினைத்தால் அன்றைய கவுண்டி வக்கீல் ஜேம்ஸ் வில்லியம்ஸும் மற்றவர்களும் எடுத்த முடிவை என்னால் குறை சொல்ல முடியவில்லை. வழக்கு போட்ட வருஷம் தவழ்ந்த குழந்தை அப்போது கல்லூரியில் இருந்திருக்கும்.

வழக்கின் வால் இன்னும் நீண்டது. கம்பெனிகள் தங்கள் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களிடம் பணம் கேட்டன. 2022-ல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கான்ஆக்ராவிடம், தெரிந்தே செய்த தீங்குக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்றது. 2024 டிசம்பரில் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் ஷெர்வின் வில்லியம்ஸிடம், நீ கட்டியது நஷ்ட ஈடு இல்லை, வருங்கால அபாயத்தை அகற்றும் செலவு, பாலிசி நஷ்ட ஈட்டுக்கு மட்டும்தான் என்றது. வழக்கு பிழைப்பதற்காகக் கவுண்டி வக்கீல்கள் நஷ்ட ஈட்டைக் கைவிட்ட அந்தப் பழைய முடிவு இங்கே கம்பெனியைச் சொந்தப் பையிலிருந்தே கட்ட வைத்தது.

இதே பாதையில் பிறகு நிறைய பேர் நடந்தார்கள். சாண்டா கிளாராவும் ஆரஞ்சு கவுண்டியும் 2014-ல் ஓபியாய்டு வலி மாத்திரைக் கம்பெனிகள் மேல் மக்கள் பெயரில் வழக்குப் போட்டன, 2021-ல் விசாரணை நீதிபதி அதைக் கம்பெனிகள் பக்கம் தீர்த்தார். 2017-ல் சான் ஃபிரான்சிஸ்கோவும் ஓக்லண்டும் எண்ணெய்க் கம்பெனிகள் மேல் கடல் மட்டம் உயர்வதற்காகப் பொதுத் தொல்லை வழக்குப் போட்டன. ஒரு சரக்கை விற்றவர் எல்லோரையும் இந்தப் பழைய பிரிவில் இழுத்தால் சட்டம் எங்கே போய் நிற்கும் என்று கேட்பவர்கள் உண்டு, அந்தப் பயத்துக்கு எல்லை போட்டது 2006 தீர்ப்பின் நிபந்தனைதான் என்பது என் கருத்து. தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் பரப்பியிருக்க வேண்டும். ஈயத்தில் இரண்டுக்கும் காகிதம் இருந்தது, எல்லாச் சரக்கிலும் இருக்காது.

1951-க்கும் 1978-க்கும் இடையில் கட்டிய வீடுகள் தீர்ப்பின் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. சான் ஹோசே, சன்னிவேல் பக்கம் வாடகைக்கோ சொந்தத்துக்கோ வீடு பார்க்கிற தமிழ்க் குடும்பங்கள் பலர் போய்ச் சேர்வது அந்தக் காலத்து வீடுகளில்தான். அந்தச் சுவர்களில் ஈயம் இருக்கலாம், அதை அகற்றும் செலவைக் கம்பெனிகள் தலையில் கட்ட இந்த வழக்கில் வழி கிடைக்கவில்லை. 1978-க்கு முன்னால் கட்டிய வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் ஈயப் பெயின்ட் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததைக் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று மத்தியச் சட்டம் இருக்கிறது, வாங்குகிறவருக்குச் சோதித்துப் பார்க்கப் பத்து நாள் அவகாசமும் தருகிறது. அந்தப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.